புகை வராத பக்கம்

காற்று திரும்பும்போதெல்லாம் தீர்த்தம்மாள் எழுந்து, தன் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி நகர்கிறார். ஒரு கையில் ஸ்டூல், மறு கை எட்டுகிறவரை புளியமரத்தின் மேல். நாலு எட்டு வைப்பார், நிற்பார், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுவார், மறுபடி நாலு எட்டு. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் முந்தானை நுனியை விரலில் தூக்கிப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார். சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒகேனக்கல் காற்றை நம்ப முடியாது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் பாறை, நடுவில் அது தன் இஷ்டத்துக்குச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் புகை அவரைத் தேடிக்கொண்டு வந்துவிடும். "வந்துட்டான் பாரு என் பங்காளி" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்திருப்பார்.

அருவிக்குப் போகிற பாதையில் மீன் சமைத்துக் கொடுக்கும் பெண்களில் அவரும் ஒருவர். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஆற்று மீனை வாங்கிச் சுத்தம் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் நின்று, பரிசலில் ஒரு சுற்றுப் போய்விட்டு, கண் சிவக்கப் பசியோடு திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் சோறும் தயாராக இருக்க வேண்டும். தீர்த்தம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதுதான் வேலை. ஆற்றில் வெள்ளம் வந்து அடுப்பு பலமுறை இடம் மாறியிருக்கிறது, அவர் மாறவில்லை.

நான் பென்னாகரத்தில் வீடு கட்டியவன். அருவிக்குப் பக்கத்து ஊரில் வீடு கட்டாதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொந்தபந்தமெல்லாம் என்மேல் பாசம் பொங்க வருகிறார்கள். மறுநாள் காலையில் என்னைப் பார்த்தது போதும் என்று அருவிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் போய்த்தான் தீர்த்தம்மாளின் வாடிக்கையானேன். அவர்கள் குளிக்கும் நேரமெல்லாம் நான் அவருடைய அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு குரல் இருந்தது. "அண்ணா, மீனு! ஆத்து மீனு சமைக்கலாம் வாங்கண்ணா!" என்று அவர் போட்ட சத்தம் கார் நிறுத்தும் இடம்வரை கேட்கும். அருவி இரைச்சலையும் தாண்டி வருகிற சத்தம் அது. வேறு அடுப்பில் மீனைக் கொடுக்கப் போனவர்கள்கூட, யார் இது என்று திரும்பிப் பார்த்துவிட்டு இங்கே வந்துவிடுவார்கள். இப்போது அந்த வேலையை மருமகள் ராதிகா பார்க்கிறாள். தீர்த்தம்மாள் பேசுவதே இரண்டு இரண்டு வார்த்தையாகத்தான். "சார் வாங்க" என்பார். ஒரு மூச்சு. "உக்காருங்க." இன்னொரு மூச்சு. "வூட்ல... சவுக்கியமா?" நலம் விசாரிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்கும்.

முதலில் எல்லாரும் சளி என்றுதான் நினைத்தார்கள். பிறகு காசநோயோ என்று பயந்து சளியைச் சோதித்துப் பார்த்தார்கள், அது இல்லை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்பது. அந்தக் கேள்வியின் அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. மூச்சை நிறுத்தி நிறுத்தியாவது முழுவதும் சொல்லி முடிப்பார்.

"பொம்பளையப் பாத்து கேக்கற கேள்வியா சார் அது? பீடி குடிக்கற மனுசன் வெளிய பெஞ்சுல குந்திருக்காரு. அவர கேக்கல, என்னய கேக்கறாங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் அவருடைய கணவர் திருமால். பரிசல் ஓட்டுபவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து பீடி. இந்த வயதிலும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை மேல் ஏறுகிறார். அவர் நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, தீர்த்தம்மாளின் நெஞ்சு போய்விட்டது. இந்தக் கணக்கு தீர்த்தம்மாளுக்குப் புரியவே இல்லை. "ஒருத்தர் குடிக்கறாரு, ஒருத்திக்கு நோவு. இது எந்த ஊரு ஞாயம்?" என்று கேட்பார். திருமால் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். இப்போதெல்லாம் அவர் பீடி பற்றவைப்பது அங்கேதான், அதுவும் மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை வாயில் வைத்து, முழு மூச்சையும் சேர்த்து ஊதச் சொன்னார்கள். தீர்த்தம்மாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஊதுவதில் தன்னை மிஞ்ச இந்த ஆற்றங்கரையில் ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். ஈர விறகையும் மூன்றே ஊதலில் எரிய வைப்பவர். தம் கட்டி ஊதினார். பக்கத்தில் நின்ற பெண் "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்தினாள். கம்ப்யூட்டரில் ஒரு கோடு கொஞ்சம் ஏறி, அப்படியே படுத்துவிட்டது. மூச்சுக்குழாய்கள் சுருங்கி அடைத்துப்போயிருக்கின்றன, இது பீடியால் மட்டும் வருவதில்லை, விறகுப் புகையாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். போன நுரையீரல் திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மருந்தை விடாமல் இழுக்க வேண்டும், புகைப் பக்கமே போகக் கூடாது என்றார். தீர்த்தம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். "அடுப்பு பக்கம் போலாமாங்க?"

இழுக்கும் மருந்தை அவர் விடுவதில்லை. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புவார். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்த இன்ஹேலர் இருக்கும் இடம்தான் விசித்திரம். மிளகாய்த்தூள், மல்லித்தூள் டப்பாக்களின் வரிசையில், மூடி போட்ட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள், காகிதம் சுற்றி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "இருமுற பொம்பள கையால மீனு துன்னுவாங்களா சார்? கொரோனா வந்ததுலேர்ந்து, தொண்டைய செருமுனாலே வேற அடுப்புக்குப் போயிடறாங்க." இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போய்விடுவார். திரும்பி வரும்போது கண்ணெல்லாம் நீர் கட்டியிருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். "வெங்காயம்" என்பார், கையில் வெங்காயமே இருக்காது.

அவர் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், பிறகு அந்தச் சிரிப்பின் மேல் வெறுப்பு வரும்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் லூர்துமேரி. பொறுமைசாலி. "மூக்கால இழுங்கம்மா. அப்பறம் விசில் அடிக்கற மாதிரி வாயக் குவிச்சு, மெதுவா வெளிய வுடுங்க" என்று சொல்லியிருக்கிறார். தீர்த்தம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு, தனக்கு விசில் அடிக்கத் தெரியாது, சின்ன வயதில் ஒரு தடவை முயற்சி செய்து அப்பாவிடம் அடி வாங்கியதோடு சரி என்றாராம். லூர்துமேரி யோசித்துப் பார்த்து, "சரி, வூட்ல அடுப்பு ஊதுவீங்கல்ல? அந்த மாதிரி ஊதுங்க. காலையில கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம்" என்று சொல்லியிருக்கிறார். தீர்த்தம்மாளின் முகம் மலர்ந்திருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்குத் தெரிந்த ஒன்றை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தார். ஊதாங்குழலை எடுத்தார். காலையிலும் மாலையிலும் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, குழலில் வாயை வைத்து, மெதுவாக, சொன்னபடியே ஊதினார். ராதிகா ஊத வந்தால் விடுவதில்லை. "இது எனக்கு வைத்தியம்மா, நீ தள்ளிக்கோ" என்று பிடுங்கிக்கொள்வார். வாடிக்கை வராத நாளில் பயிற்சி தவறிவிடக் கூடாது என்று, சுள்ளியைப் போட்டு வெறும் அடுப்பைப் பற்றவைத்து ஊதியிருக்கிறார். ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் மூக்கால் இழுத்தது முழுவதும் புகை.

அடுத்த முறை அவரை ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. ஆக்ஸிஜனும் ஊசியுமாக ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த லூர்துமேரி, "பயிற்சி பண்றீங்களாம்மா?" என்று கேட்டபோது தீர்த்தம்மாள் மூக்குக் குழாயோடு பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "ஒரு நாளு கூட வுடலைங்க. அடுப்பு எரியாத அன்னிக்கும் பத்தவெச்சு ஊதினேன்." லூர்துமேரிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனதாம். புரிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தீர்த்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாராம். பிறகு அந்தக் கையை விரித்து அவர் வாய்க்கு முன்னால் பிடித்து, "இனிமே இதுலதாம்மா ஊதணும். வேற எதுலயும் கூடாது" என்றாராம்.

அன்றிலிருந்து தீர்த்தம்மாள் உள்ளங்கையில் ஊதுகிறார். ஸ்டூலில் முன்பக்கமாகக் குனிந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, ஒரு கையை வாய்க்கு முன்னால் விரித்துப் பிடித்து, மெல்ல ஊதிக்கொண்டே இருப்பார். அப்படி உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் இலகுவாகிறதாம். பார்க்கிறவர்கள், கையில் சுட்டுக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைக்கிறார்கள். "என்னம்மா, எண்ணெய் பட்டுடுச்சா?" என்று கேட்கிறார்கள். "ஆமாங்க, எண்ணெ" என்கிறார். தீக்காயம் சமையல்காரிக்கு மரியாதை, இருமல் அப்படியில்லை.

மகன் மாதவராஜ் பென்னாகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக் கொண்டுவந்து வைத்தான். நானும் போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. தீர்த்தம்மாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். அந்த வாரம் முழுவதும் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு மீனோடு திரும்பிப் போனவர்கள்தான் அதிகம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தலைவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "கேஸ் பேடாம்மா, சௌதெ ஒலெ பேக்கு." கேஸ் வேண்டாமாம், விறகு அடுப்புதான் வேண்டுமாம். தீர்த்தம்மாளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அது ஒரு நாளும் அவர் காதில் இப்படி வலித்ததில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஊரில் கேஸில் சமைத்துச் சமைத்து அலுத்துப்போய், புகை வாசத்தோடு ஒரு வாய் சாப்பிட இத்தனை தூரம் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் புகை அவர்களுக்கு ருசி. தினமும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

கேஸ் அடுப்பு இப்போது சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் இருக்கிறது. அதன்மேல் குரங்கு உட்கார்ந்து பேன் பார்க்கிறது.

ராதிகா பொம்மிடிக்காரப் பெண். பி.காம் படித்தவள். மாமியாரை அடுப்புக்குப் பக்கத்தில் விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்று, ஊதாங்குழலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மாமியார் ஸ்டூலில் இருந்தபடி உப்பு, புளி, காரம் சொல்ல வேண்டியது, அவள் செய்ய வேண்டியது. தீர்த்தம்மாள் குழம்பைக் கிளறும் சத்தத்தை வைத்தே "தண்ணி பத்தலை" என்பார். அவள் "இருக்கட்டும் அத்தை, நீங்க ஊதுங்க" என்பாள். மாமியார் மருமகள் சண்டை என்றால் இவ்வளவுதான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போன மாசி மாதம் ஒரு நாள், ராதிகா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், தீர்த்தம்மாள் என்னைக் கிட்டே வரச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"சார், அந்தப் புள்ள இருமுது."

"யாரு, ராதிகாவா? சளியா இருக்கும்க்கா."

"காலையில. பல்லு வெளக்கறப்ப." மூச்சு. "ஒரே ஒரு இருமலு. அப்பறம் நாள் பூரா ஒண்ணுமில்ல." மூச்சு. "எனக்கும்... அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. சளின்னு சொல்லுது அது. நானும் எங்க மாமியார்கிட்ட... சளின்னுதான் சொன்னேன்."

  பென்னாகரத்தில் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள், நான் சொன்னால் ராதிகாவை எடுத்துக்கொள்வார்களா என்று தீர்த்தம்மாள் கேட்டார். விசாரித்தேன். எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். ராதிகாதான் போகவில்லை. "நான் போய்ட்டா அடுத்த நிமிசம் அவங்க அடுப்பு முன்னால குந்திடுவாங்க சார். எனக்குத் தெரியாதா அவங்கள?" என்றாள். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி புகைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு முதலாமவள் ஸ்டூலோடு சுற்றி வருகிறாள். இதில் யாருக்கு நான் புத்தி சொல்வது? தீர்த்தம்மாளுக்குத் தன் மூச்சைப் பற்றி இப்போது கவலையே இல்லை. அந்தக் காலை நேரத்து ஒற்றை இருமல் இரண்டாகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் வேண்டுதல்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். முந்தின நாள் மழை. ஆற்றில் செம்மண் தண்ணீர், பரிசல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கூட்டம். பெங்களூர் வேன் ஒன்றிலிருந்து இறங்கியவர்கள் பெரிய கட்லா மீனைக் கொடுத்துவிட்டு, குளிக்க முடியாததால் அடுப்பைச் சுற்றியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். விறகெல்லாம் நனைந்திருந்தது. ராதிகா மண்டியிட்டு ஊதாங்குழலில் ஊதிக்கொண்டே இருந்தாள். தீ பிடிப்பதாக இல்லை, வெள்ளைப் புகை கட்டி கட்டியாக எழும்பியது. நடுவில் குழலை எடுத்துவிட்டு இருமினாள். காலை நேரம் இல்லை அது. நண்பகல்.

தீர்த்தம்மாள் ஸ்டூலில் நிமிர்ந்தார். "கேஸ... பத்த வை" என்றார். அருவிச் சத்தத்தில் அது ராதிகாவுக்குக் கேட்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். "பாத்துட்டே நிக்கறாங்களே சார்" என்று வேன்காரர்களைக் கண்ணால் காட்டினாள் ராதிகா. மறுபடி ஊதினாள். மறுபடி இருமல்.

தீர்த்தம்மாள் எழுந்தார். ஸ்டூலை எடுக்கவில்லை. சுற்றிக்கொண்டும் போகவில்லை. புகைக்குள் நேராக நடந்தார். நான் பதறிப்போய் எழுந்தேன், கையை ஆட்டி உட்காரச் சொல்லிவிட்டார். மருமகள் கையிலிருந்து ஊதாங்குழலைப் பிடுங்கினார். இரும்புக் குழல், நுனி சுட்டிருக்கும், முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தார். வரும்போது இரண்டு இடத்தில் நின்றார். ஸ்டூல்மேல் குழலைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அத்தை, குடுங்க."

தலையை இல்லையென்று ஆட்டினார். பேசுவதற்கு மூச்சு இல்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். வேன்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகுமா என்கிற மாதிரி, "லேட் ஆகத்தாம்மா?" என்றார். "இல்லைங்க, ஆயிடுச்சுங்க" என்றாள் ராதிகா. மாமியாரை ஒரு முறை பார்த்தாள். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தலைமுடியைப் பின்னால் தள்ளி முடிந்துகொண்டாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, அடுப்பின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், வெறும் வாயால் ஊதினாள்.

புகை அவள் முகத்தை முழுவதுமாக மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது. மறுபடி குனிந்தாள். முகம் முன்னைவிட நெருக்கமாகப் போயிருந்தது.

தீர்த்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்திவிட்டிருந்தார். பிறகு உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் கையை விட்டு அந்தக் குழலை உருவினார். வாய் வைக்கும் பக்கத்தை முந்தானையால் நன்றாகத் துடைத்தார். எழுந்து புகைக்குள் போய், கையை நீட்டி மருமகளிடம் கொடுத்தார்.